'பிக் அப்' மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெங்களூரு மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இங்கிலீஷ் பேசிப் பழக ஒன்பது பத்துப் பேர் கூடுவார்கள். பாதிப்பேர் கேப் ஓட்டுகிறவர்கள். மீதி அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், கூரியர் தம்பிகள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். கன்னடம் எல்லாருக்கும் வந்துவிட்டது, இந்தி முக்கால்வாசி வந்துவிட்டது, இங்கிலீஷ்தான் இழுக்கிறது. அந்த மொட்டைமாடிக்கு அடிக்கடி ரிப்பேருக்கு வரும் சாமான் 'பிக் அப்'.

இத்தனைக்கும் அது தெரியாத சொல் இல்லை. பிக்கப் டைம், பிக்கப் பாயின்ட், வண்டியில பிக்கப் இல்ல, படம் இன்டர்வெலுக்கு அப்புறம் பிக்கப் ஆகுது என்று நாள் முழுக்க வாயில் புழங்குகிறது. தமிழ் வாக்கியத்துக்குள் ஒருநாளும் அது தகராறு செய்ததில்லை. காரணம், நம்மிடம் வரும்போதே அது ஒரே கட்டியாக இறுகி, 'பண்ணு', 'ஆகு' என்ற வாலோடு வந்துவிடுகிறது. 'சாரை பிக்கப் பண்ணிட்டேன்' என்றால் காலம், ஆள், முடிந்ததா இல்லையா, எல்லாவற்றையும் 'பண்ணு' பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷில் அந்தப் 'பண்ணு' கிடையாது. அங்கே 'பிக்' தனி, 'அப்' தனி, நடுவில் ஆள் ஏறி உட்காரலாம். முக்கால்வாசிக் கோளாறு அந்த இணைப்பில்தான்.

உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் முதல் கோளாறைச் சரிசெய்தவர்கள் போலீஸ் பற்றிய பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். அந்தக் கோளாறு நானே உண்டாக்கியது.

அறிகுறி: 'அப்' விழுந்துவிடுகிறது

'சார் நாட் பிக்கிங் மை கால்.' 'ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்.' 'பிக் மீ ஃப்ரம் ஏர்போர்ட்.'

சோதனை சுலபம். 'பிக்' இருக்கும் இடத்தில் 'பொறுக்கு' என்று வைத்துப் பாருங்கள். 'ஆறு மணிக்கு உங்களைப் பொறுக்குகிறேன்' என்று வந்தால் 'அப்' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தனி 'பிக்' என்பது பூப்பறிப்பது, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஆளை வண்டியில் ஏற்றுவது இல்லை.

ஏன் விழுகிறது? நம்முடைய 'எடு'தான் காரணம். 'போனை எடு' என்கிறோம். கீழே கிடப்பதை மேலே கொண்டுவருவது 'எடு'வுக்குள்ளேயே இருக்கிறது, 'மேலே எடு' என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே 'அப்' நமக்கு உபரியாகப் படுகிறது. பக்கத்தில் கேட்டாலும் கன்னடத்தில் 'ஃபோன் எத்து', இந்தியில் 'ஃபோன் உட்டாவ்'. அங்கேயும் ஒற்றை வினைதான். இப்படி மூன்று மொழிக்காரர்களும் சேர்ந்து 'நாட் பிக்கிங்' என்று பேசுவதால் பெங்களூருவில் இது யாருக்கும் தப்பாகவே கேட்பதில்லை. வெளிநாட்டு ஆள் வண்டியில் ஏறும்போதுதான் இடிக்கிறது.

சரிசெய்ய: 'ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்.' போன் என்றால் 'ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்', அதோடு நிறுத்துங்கள், பின்னால் ஒன்றும் வேண்டாம். 'மை கால்' சேர்த்தே தீருவேன் என்றால் வினையை மாற்றுங்கள்: 'ஹீ இஸ் நாட் ஆன்சரிங் மை கால்.' 'பிக் அப்' செய்தது அழைப்பை இல்லை, ரிசீவரை. மேஜைமேல் இருந்த அந்தக் கறுப்பு போனின் ரிசீவர். அது மியூசியத்துக்கே போய்விட்டது, சொல் மட்டும் இன்னும் அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. 'பிக் அப் மை கால்' என்று சொன்னாலும் குடி முழுகாது. இந்தியாக்காரர் என்று தெரியும், அவ்வளவே.

அறிகுறி: ஆள் தப்பான சீட்டில் உட்காருகிறார்

'ஐ பிக் அப் யூ ஃபைவ் தர்ட்டி.' 'பார்சல் கம், பிக் அப் இட்.'

'அப்' இருக்கிறது, நல்லது. ஆனால் 'யூ', 'இட்' பின்னால் போய்விட்டன. மீ, யூ, ஹிம், ஹர், இட், அஸ், தெம், இந்த ஏழு பேருக்கும் நடு சீட்டுதான், பேச்சே கிடையாது. 'பிக் யூ அப்', 'பிக் இட் அப்.' பெயர் சொல்லி வருகிற ஆளோ பொருளோ என்றால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்: 'பிக் அப் தி பார்சல்' சரி, 'பிக் தி பார்சல் அப்' என்பதும் சரி. பெயர் நீளமாகிவிட்டால் பின்னால் தள்ளுங்கள்: 'பிக் அப் தி டூ லேடீஸ் ஃப்ரம் தி செகண்ட் ஃப்ளோர்.' இதை நடுவில் திணித்தால் 'அப்' வந்து சேருவதற்குள் கேட்கிறவருக்கு 'பிக்' மறந்துபோகும்.

இதை இலக்கணமாகச் சொல்லிப் பார்த்தேன், நாலு வாரம் ஏறவில்லை. ஐந்தாவது வாரம் டிசையர் ஓட்டும் ஒரு தம்பி, "அக்கா, இது பின் சீட்டு கணக்குதானே? சின்னப் பையன்னா நடுவுல. பெரியவரு எங்க வேணா உக்காரலாம். லக்கேஜோட வந்தா டிக்கி" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எல்லாருக்கும் அந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பழக்கத்துக்கு ஒரு வாக்கியம்: 'பிக் மீ அப் நியர் தி திருவள்ளுவர் ஸ்டாட்யூ.' அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்து, 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்த சிலை. எங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல பிக்கப் பாயின்ட் கிடையாது. லொகேஷன் தப்பாகக் காட்டினாலும் சிலை நகராது.

அறிகுறி: 'அப்' போட்டதும் போலீஸ் கேஸ் ஆகிவிட்டது

முதல் கோளாறுக்கு மருந்தாக ஒரு காலத்தில் நான் 'எங்கே பிக் வந்தாலும் அப் போடுங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பேறி வைத்தியம். அதன் பலன் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தெரிந்தது.

தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் இறங்கிய ஒரு லண்டன் பெரியவரைக் கூட்டிவர வேண்டும். எங்கள் மாடிக்கு வருகிற ஓட்டுநர் அண்ணன் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். ஹெப்பாலில் டிராஃபிக் போலீஸ் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்லி, லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். தாமதமாகிறதே என்று அண்ணன் பொறுப்பாக ஒரு மெசேஜ் தட்டினார். முன்பாக இருந்தால் 'போலீஸ் கேட்ச் மீ' என்று எழுதியிருப்பார். நான்தான் சொல்லிக்கொடுத்துவிட்டேனே! 'சார், போலீஸ் பிக்ட் மீ அப் அட் ஹெப்பால். டென் மினிட்ஸ் லேட்.'

நடு சீட்டு சரி. 'அப்' சரி. காலம் சரி. மார்க் போட்டால் பத்துக்குப் பத்து. பெரியவர் பதறிப்போய் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டு, உங்கள் டிரைவரைக் கைது செய்துவிட்டார்கள், வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கைதானவன் பத்து நிமிஷத்தில் எப்படி வருவான் என்பது அவருக்கு வேறு குழப்பம்.

"நான் என்னக்கா கொலையா பண்ணேன்? பேப்பர்தானே காட்டினேன்" என்றார் அண்ணன் அடுத்த ஞாயிறு.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'போலீஸ் பிடிச்சுட்டாங்க' என்றால் ஹெல்மெட் இல்லாததற்கு நிறுத்தியதும் ஆகலாம், கைதும் ஆகலாம். 'போலீஸ் தூக்கிட்டாங்க' என்றால் சந்தேகமே இல்லை, வீட்டில் அழுகைதான். போலீஸ் எழுவாயாக வந்தால் 'பிக் அப்' அந்தத் 'தூக்கிட்டாங்க' ரகம். சோதனைக்கு நிறுத்தியதற்கு 'போலீஸ் ஸ்டாப்ட் மீ' போதும்.

ஆக விதியைத் திருத்திக்கொள்கிறேன்: ஏற்றுவது, எடுப்பது என்றால் 'அப்' போடுங்கள். நிறுத்தியது, பிடித்தது, கேள்வி கேட்டது எதற்கும் 'பிக்' பக்கமே போக வேண்டாம்.

இதே வரிசையில் இன்னொன்று, சுருக்கமாக. 'லாஸ்ட் நைட் ஐ பிக்ட் அப் எ கேர்ள் இன் இந்திராநகர்' என்று எந்த ஓட்டுநரும் சொல்ல வேண்டாம். இங்கிலீஷில் அதற்கு அர்த்தம் சவாரி இல்லை, பெண்ணை மயக்கிக் கூட்டிப்போவது. 'பாசெஞ்சர்' என்று சொல்லுங்கள்.

அறிகுறி: எழுதினால் சிவப்புக் கோடு, பேசினால் 'வாட்?'

எழுத்துக் கோளாறு முதலில். 'ப்ளீஸ் பிக்கப் மீ' என்று ஒட்டி எழுதுகிறோம், தமிழில் ஒரே சொல்லாகவே புழங்கிய பழக்கம். ஒட்டி எழுதினால் பெயர், இடம் விட்டு எழுதினால் வினை. சந்தேகம் வந்தால் நேற்றைக்கு மாற்றிப் பாருங்கள். 'பிக்ட் அப்' ஆக முடிகிறதா? அப்படியானால் அது வினை, இடம் விடுங்கள். 'பிக்கப் டைம்' நேற்றும் பிக்கப் டைம்தான், ஒட்டியே இருக்கட்டும். லாகின், பேக்கப், செக்கப் எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

உச்சரிப்பில் இரண்டு இடம். ஒன்று அழுத்தம்: பெயராகச் சொல்லும்போது 'பிக்'கில் அழுத்தம், வினையாகச் சொல்லும்போது 'அப்'பில். மற்றொன்று இறந்தகாலம். நாம் 'பிக்கெட் அப்' என்று மூன்று அசை போடுகிறோம். அவர்கள் வாயில் அது இரண்டே அசை, 'பிக்-டப்'. 'பிக் இட் அப்' என்பதும் காதில் 'பிக்கிட்டப்' என்றுதான் விழும். அந்த 'ட்ட'வை அமெரிக்கர் 'ட'வாக மெலிப்பார். 'அப்' என்ற சொல் தனியாகக் கேட்கும் என்று காத்திருந்தால் கிடைக்காது. "பிக்கிட்டப்னா ஏதோ மாத்திரை பேருன்னு நெனச்சேன்கா" என்று ஒரு கூரியர் தம்பி சொன்னான்.

அறிகுறி: சொல் புரிகிறது, கேள்வி புரியவில்லை

மொட்டைமாடியில் அதிகம் சிரிப்பு வருகிற இடம் இது. இந்திராநகருக்குப் போகும் வழியில் ஒரு பாசெஞ்சர் கேட்டாராம்: 'வேர் டிட் யூ பிக் அப் கன்னடா?' நம்ம ஆள், வேறு யாரோ சவாரியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, 'நோ சார், டுடே ஒன்லி யூ' என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே கோளாறு வாயில் இல்லை, காதில். 'பிக் அப்' கேட்டதும் மனசு 'ஏற்று' என்ற அர்த்தத்திலேயே நின்றுவிடுகிறது. சரிசெய்ய ஒரே கேள்வி: எதை? அதற்கு வரும் பதில்தான் அர்த்தத்தைத் திறக்கும் சாவி.

மொழி, பாட்டு, பழக்கம் என்றால், பாடம் படிக்காமல் காது வழியே கற்றுக்கொள்வது. 'லர்ன்' என்பதும் இதுவும் ஒன்றில்லை. ஸ்கூலில் கன்னடம் படித்த என் மகள் 'லர்ன்ட்'. நான் ஓனர் அம்மாவிடம் தண்ணீர்ச் சண்டை போட்டும், சிவாஜிநகர் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்டும் வந்த கன்னடம் 'பிக்ட் அப்'. என் கன்னடத்தில் வசவு முதலில் வந்தது, மரியாதை பின்னால் வந்தது. பெங்களூருத் தமிழர்கள் பலருடைய கன்னடத்துக்கும் 'பிக்ட் அப்'பை விடப் பொருத்தமான சொல் கிடையாது.

சளி, காய்ச்சல் என்றால் தொற்றிக்கொண்டது. 'ஐ பிக்ட் அப் எ கோல்ட்' என்பது நம்முடைய 'சளி பிடிச்சுக்கிச்சு'. பில் என்றால் பணம் கட்டுவது. 'ஐ வில் பிக் அப் தி பில்' என்று கஸ்டமர் சொன்னதும் கவுன்டருக்கு ஓடிப்போய் ரசீதை எடுத்துவந்து கையில் கொடுத்தவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார். மைக், ரேடியோ, சிக்னல் என்றால் வாங்கிக்கொள்வது: தூரத்தில் குரைக்கும் நாயையும் மைக் பிக் அப் செய்யும்.

எதையும் சொல்லாமல் தானாகவே வந்தால்? 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்', 'தி விண்ட் பிக்ட் அப்'. மந்தமாக இருந்தது வேகம் எடுக்கிறது. நாமும் 'வண்டி வேகம் எடுக்குது', 'வியாபாரம் சூடு பிடிக்குது' என்கிறோம். கவனித்தீர்களா, இங்கிலீஷ்காரர் ஒரே 'பிக் அப்'பில் அடைப்பதை நாம் 'எடு', 'பிடி' என்ற இரண்டு வினைக்குள் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். அர்த்தம் தட்டினால் இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பூட்டு திறந்துவிடும்.

'பிக்கையும் அப்பையும் கூட்டினா எப்படிக்கா சளி வரும்?' என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது: 'விட்டுக்கொடு'வில் எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்? 'போட்டுக்கொடு' என்றால் சோறு போட்டுக் கொடுப்பதா? வேலையிடத்தில் உங்களை ஒருவன் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தால் நீங்கள் அகராதியில் 'போடு' என்ன, 'கொடு' என்ன என்று பார்ப்பதில்லை, வயிறு எரிகிறது. இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு அர்த்தம் பிறக்கும் என்பது நமக்குப் புதுசே இல்லை. தமிழ் படிக்க வரும் இந்திக்காரர்கள் நம்மிடம் படும் பாட்டை நினைத்தால் இங்கிலீஷ் மேல் கோபம் கொஞ்சம் குறையும்.

அறிகுறி: 'அப்' பின்னால் இன்னொரு வால்

வொயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் நோட்டீஸ்: 'ப்ளீஸ் பிக் அப் ஆஃப்டர் யுவர் பெட்ஸ்.' அங்கே செக்யூரிட்டியாக இருக்கும் எங்கள் ஆள் இதை 'நாய் போன பிறகு ஏதோ எடுக்கணும்' என்று புரிந்துகொண்டு, நாய்கள் வாக்கிங் முடித்த பின் வந்து எடுக்க வேண்டிய பார்சல் என்னவென்று மூன்று நாள் தேடியிருக்கிறார். 'பிக் அப் ஆஃப்டர்' என்றால், ஒருவர் போட்ட குப்பையை, நாய் போட்டதை, இன்னொருவர் சுத்தம் செய்வது. நோட்டீஸ் அவருக்கு இல்லை, நாயைக் கூட்டிவருகிறவருக்கு.

இன்னொரு வால் 'ஆன்'. 'பிக் அப் ஆன்' என்றால், யாரும் வாய்விட்டுச் சொல்லாததைக் கவனித்துப் பிடிப்பது. இதில்தான் 'அப்' விழுந்தால் வேலைக்கே ஆபத்து. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் தங்கச்சி ஒருத்தி, தன் மேடம் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பாராட்டி ஒரு மெயில் எழுதப் போனாள். அவள் எழுதியது 'மேடம் ஆல்வேஸ் பிக்ஸ் ஆன் அஸ்'. அதன் அர்த்தம், மேடம் எப்போதும் எங்களையே குறிவைத்துச் சீண்டுகிறார்! நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். 'மேடம் பிக்ஸ் அப் ஆன் எவ்ரிதிங்' என்று மாற்றினோம்.

வால் வந்துவிட்டால் நடு சீட்டு ரத்து. 'பிக் அப் ஆன் இட்', 'பிக் அப் ஆஃப்டர் தெம்': இங்கே சின்னப் பையனும் கடைசியில்தான் உட்கார வேண்டும்.

அறிகுறி: 'வண்டியில் பிக்கப் இல்லை' என்றால் முழிக்கிறார்கள்

இது தப்பில்லை, அகராதியிலும் உண்டு. ஆனால் அமெரிக்கர் ஒருவருக்கு பிக்கப் என்றதும் கண்முன் வருவது பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி, நம் ஊரில் தக்காளிக் கூடை ஏற்றிவருகிற அந்தப் பிக்கப் மாதிரி. அதனால் 'மை கார் ஹேஸ் நோ பிக்கப்' என்றால் காருக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பார். 'ஆக்சலரேஷன்' என்று சொல்லிவிடுங்கள்.

எதுவுமே வேலை செய்யாத அவசரத்துக்கு

போனில் ஆள் காத்திருக்கிறார், நடு சீட்டா கடைசி சீட்டா என்று யோசிக்க நேரமில்லை என்றால் 'பிக் அப்'பைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றை வினையை மாட்டுங்கள். போனுக்கு 'ஆன்சர்', பார்சலுக்கு 'கலெக்ட்', மொழிக்கு 'லர்ன்', கவனிப்பதற்கு 'நோட்டீஸ்', பில்லுக்கு 'பே'. கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும், ஆனால் யாரும் வக்கீலைக் கூப்பிட மாட்டார்கள்.

ஆளை ஏற்றுவதற்கும் 'கலெக்ட்' ஓடும், லண்டன்காரர்கள் சாதாரணமாகச் சொல்வதுதான். ஆனால் ஹெப்பால் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "பார்சலுக்கும் கலெக்ட், மனுசனுக்கும் கலெக்டாக்கா?" என்று கேட்டுவிட்டு, 'ஐ வில் பிக் யூ அப்' என்பதையே நாள்பூரா வண்டியில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அந்த 'யூ'வுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிப் பின் சீட்டின் நடுவைக் காட்டுகிறார்.